பூநாரையும் பழைய ஜீப்பும்: அன்னூரிலிருந்து கோடியக்கரைக்கு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் பறவைகளின் எண்ணிக்கையை யாரும் கீழே கமெண்ட்டில் வந்து திருத்த வேண்டாம். போன முறை வால்பாறை போய்விட்டு வந்து, சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்ததாக எழுதினேன். "வால் மட்டும்தானே பார்த்திருப்பீர்கள்" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், வால்தான். ஆனால் அந்த வால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, இந்தப் பயணம் எதற்கு என்று கேட்டால், கோபத்தில் கிளம்பிய பயணம் இது. என் மகன் பிரபு கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் குடியிருக்கிறான். ஒரு பம்புசெட் கம்பெனியில் மேனேஜர். மாட்டுப்பொங்கலுக்கு அன்னூர் வந்தவன், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஆரம்பித்தான்.

"ஏனுங்ப்பா, அந்த ஜீப்ப வித்துப்போடலாங்களா? பொள்ளாச்சியில ஒருத்தரு கேக்கறாரு. ரிசார்ட்டுக்கு முன்னால நிறுத்தி வெக்கறதுக்கு."

"ஓடற வண்டிய எதுக்குடா நிறுத்தி வெக்கோணும்?"

"ஓடுதுங்களா?" என்றான்.

அந்த ஒரு வார்த்தை போதும். இருபத்திரண்டு வருடமாக நான் ஓட்டுகிற டீசல் ஜீப் அது. அன்னூர் வட்டாரத்தில் அது ஏறாத மேடு கிடையாது. கிணற்றில் விழுந்த எருமையை அதில் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுவந்தவன் நான். எருமை இல்லை, கன்றுக்குட்டி என்பாள் என் மனைவி சரசு. நனைந்த கன்றுக்குட்டி எருமை எடைதான் இருக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே லீவு கொடுத்துவிட்டு வந்தவன் என்றாலும், எடைக் கணக்கு எனக்குத் தெரியும்.

அதோடு விட்டானா? போன டிசம்பரில் குடும்பத்தோடு விமானத்தில் குஜராத் போய் எடுத்த வீடியோவைக் காட்டினான். உப்புத் தண்ணீரில் ரோஸ் நிறப் பறவைகள் கூட்டமாக நிற்கின்றன. பூநாரையாம். சரசு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். "என்ன அழகுங்க. நேர்ல ஒருக்கா பாக்கோணும்" என்றாள்.

"இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன்? இதே பறவை நம்ம கோடியக்கரைக்கு டிக்கெட் எடுக்காம தானா பறந்து வருது. நாளன்னிக்கே நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"எதுலீங்ப்பா?"

"ஜீப்புலதான்."

பிரபு சிரித்தான். பிறகு பேரம் பேசுகிற மேனேஜர் முகத்தோடு சொன்னான். "போயிட்டு வாங்க. வழியில எங்காச்சும் நின்னுபோச்சு, வா கண்ணுன்னு எனக்கு ஒரே ஒரு போன் வந்துச்சுன்னா, திங்கக்கிழமை வண்டி பொள்ளாச்சிக்குப் போயிரும். சரிங்களா?"

"போன் வரலீன்னா?"

"வரலீன்னா இந்தப் பேச்சையே எடுக்கமாட்டனுங்க."

ஆக, வண்டி என்னிடம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் பயணம். பூநாரை அதற்கப்புறம்.

வெள்ளிக்கிழமை அதிகாலை நாலரைக்குக் கிளம்பினோம். அவினாசி, திருப்பூர், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் என்று போய், குளித்தலை தாண்டித் திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். மொத்தம் முந்நூற்றெண்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். கரூரில் இட்லி. தஞ்சாவூரில் சாப்பாடு. சரசு ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். வெல்லம் போட்ட அந்தப் பலகாரம் கெட்டுப்போகாது, வயிற்றையும் கெடுக்காது, பயணத்துக்கு அதைவிட நல்லது கிடையாது.

காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவில் நான் தொண்ணூறில் போனேன். ஐம்பத்தைந்து என்கிறாள் சரசு. ஸ்பீடாமீட்டர் வேலை செய்வதில்லை என்பதால் இரண்டும் சரிதான். புது கார்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகும்போது ஆரன் அடித்தார்கள். மரியாதையாகத்தான் அடித்தார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

தஞ்சாவூர் தாண்டியதும் பூமி தோசைக்கல் போலத் தட்டையாகிவிடுகிறது. மேடு இல்லை, பாறை இல்லை, கண்ணுக்கெட்டிய வரைக்கும் நெல் பழுத்துக் கிடக்கிறது. ஆயிரம் அடி போர்வெல் போட்டும் தண்ணீர் வராமல் புகை மட்டும் பார்த்த எங்கள் ஊர்க்காரன் இதைப் பார்த்தால் வயிறு எரியும். எனக்கு எரியவில்லை. தண்ணீர் இருந்தால் யார் வேண்டுமானாலும் விவசாயம் செய்யலாம். தண்ணீர் இல்லாமல் செய்து காட்டுகிறவன்தான் விவசாயி. இதை ஒரு டீக்கடையில் உரக்கச் சொன்னேன். அந்த டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மணிக்கு வேதாரண்யம். இரண்டு இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினேன், அது நின்றுபோன கணக்கில் வராது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் எண்ணூறு ரூபாய்க்கு அறை. மின்விசிறி ஓடும், கொசு ஓடாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே கோடியக்கரைக்குப் போய்விட்டோம். வேதாரண்யத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர். வழி நெடுக உப்பளம். உப்பைக் குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீடு வீடாகத் தெரிகிறது. சோதனைச்சாவடியில் ஆளுக்கும் வண்டிக்கும் கட்டணம் வாங்கினார்கள். அங்கே பலகையில் எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு வருடம் மாறும். குரங்குக்கு எதுவும் போடக்கூடாது என்றார் காவலர். சரசு தூக்குப்போசியைச் சேலைத் தலைப்பில் மூடினாள். எந்தக் குரங்கு பார்த்ததோ தெரியவில்லை, நாங்கள் திரும்பும்வரை ஏழெட்டு குரங்குகள் ஜீப் பின்னால் ஊர்வலமாக வந்தன.

வெளிமான் பார்த்தோம். ஒன்று இரண்டு இல்லை. புல்வெளி முழுக்க மான். கிடாவுக்குக் கொம்பு திருகாணி மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, முதுகு கரிக்கட்டை நிறம், வயிறு சுண்ணாம்பு. அதில் ஒரு பெரிய கிடா என்னையே பார்த்தது. நானும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்தேன். கால் மணி நேரம் இரண்டு பேரும் அசையவில்லை. கடைசியில் அதுதான் திரும்பிக்கொண்டது. "அதுக்கு உங்களத் தெரியவே இல்லீங்க. உங்களுக்குப் பின்னால இருந்த பொட்ட மானப் பாத்துச்சு" என்றாள் சரசு. இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்துவது லேசு இல்லை.

காட்டுக் குதிரைகளும் உண்டு. யாரோ எந்தக் காலத்திலோ விட்டுப்போன குதிரைகள் பெருகிக் காட்டுக் குதிரைகளாகவே மாறிவிட்டன என்கிறார்கள். கடல் பக்கம் போனால் மணல்மேடு, முள்ளுக்காடு, காற்று அடித்து ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன மரங்கள். மேட்டுக்காட்டுக்காரர்கள் நாங்கள், பாறை இருந்தால்தான் கரடுமுரடு என்று நினைத்திருந்தோம். அந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். கன்னத்தில் மணல் அறையும். கண்ணைத் திறக்க முடியாது. என் துண்டு பறந்து இலங்கைப் பக்கம் போய்விட்டது. அங்கே யாருக்காவது கிடைத்தால் வைத்துக்கொள்ளட்டும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு பூநாரைக்குப் போனோம். சரணாலய எல்லைக்கு வெளியே, உப்பளங்களுக்கு லாரி போகிற மண்பாதை ஒன்று சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகிறது. அங்கே நிறுத்திப் பார்த்தால் அடிவானத்தில் ஒரு ரோஸ் கோடு.

"ஏனுங், அதுதானுங்களா?" என்று சரசு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "கோடாட்டம் தெரியுது. பிரபு வீடியோவுல அலகு வரைக்கும் தெரிஞ்சுதுங்களே."

ஒரு மனுசன் முந்நூற்றெண்பது கிலோமீட்டர் வந்து இந்த வார்த்தையைக் கேட்க முடியுமா? இறங்கிப் பாதை ஓரத்து நிலத்தைப் பார்த்தேன். இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். எங்கள் பக்கம் குளம் வற்றினால், அடியில் உள்ள வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்து நிற்கும். வெடிப்பு விட்டுவிட்டது என்றால் டிராக்டர் இறங்கும், டிப்பர் லாரி இறங்கும், ஊரே இறங்கி மண் அள்ளிக்கொண்டு போய்த் தோட்டத்தில் கொட்டும். அதே வெடிப்பு இங்கேயும் இருந்தது. குதிகாலால் மூன்று மிதி மிதித்தேன். கருங்கல் மாதிரி இருந்தது.

"இது நம்மூர்க் கொளமில்லீங்க. கடலோட தண்ணிங்க" என்றாள்.

"மண்ணு எங்க இருந்தாலும் மண்ணுதான் அம்மணி. ஏறு."

வண்டியை இறக்கினேன். இருநூறு அடி தூரம் ரோட்டில் போவது போலப் போனது. கோடாக இருந்தது கூட்டமானது. கூட்டம் காலும் கழுத்துமானது. ஒரு லட்சம் பறவை இருக்கும். சரசு முந்நூறு என்கிறாள். நடுவில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்துத் தின்கின்றன. அலகு நடுவில் முறிந்து வளைந்த மாதிரி இருக்கிறது, நுனியில் மை தொட்டது போலக் கறுப்பு. என்ன நினைத்தனவோ, ஒரே சமயத்தில் ஓடி ஓடி எழும்பின. நிற்கும்போது வெளுத்த ரோஸ், இறக்கையை விரித்தால் அடியில் செக்கச்செவேல், ஓரமெல்லாம் கறுப்பு. வானத்தின் அந்தப் பக்கம் மட்டும் நிறம் மாறிப்போனது. சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவளாக என் கையைப் பிடித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம், திரும்பிப் போக வண்டியைப் பாதைப் பக்கம் திருப்பினேன். ஜீப் உட்கார்ந்தது.

சத்தமே இல்லை. பின்பக்கம் மெதுவாக, மாடு படுப்பது போல உட்கார்ந்தது. மேலே நாலு விரல் கனம்தான் காய்ந்த மண். அடியில் களி, தோசை மாவு பதத்தில். ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டியது. இறங்கினால் முழங்கால் வரை போகிறது. எங்கள் குளத்து வண்டல் இப்படி ஏமாற்றாது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். மேல்மண் நல்ல மண்தான். அடிமண்தான் மோசடி.

மணி நாலரை. காற்று திசை மாறிக் கடல் பக்கமிருந்து அடித்தது. பறவைகள் நின்ற இடத்திலிருந்து கண்ணாடிப் பாளம் மாதிரித் தண்ணீர் மெதுவாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. ஒரு விரல் ஆழம்கூட இல்லை. ஆனால் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தது.

சரசு போனை எடுத்தாள். "பிரபுக்குப் போடட்டுங்களா?"

"போட்டா வண்டி போச்சு."

"போடலீன்னாலும் வண்டி போயிருமாட்ட இருக்குதுங்க" என்று தண்ணீரைக் காட்டினாள்.

"சித்த பொறு அம்மணி. அவங்கிட்டத் தோக்கறதுக்கு, இந்தச் சேத்துல நான் பொதைஞ்சே போறேன்."

அவள் போனை உள்ளே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பாதைப் பக்கம் நடந்தாள். அங்கே உப்பு ஏற்றின லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. கையை ஆட்டி நிறுத்தினாள். டிரைவர் இறங்கி வந்து ஜீப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா சார், எந்த ஊரு?"

"கோயமுத்தூருப் பக்கம். அன்னூர்."

"அங்கேருந்து இங்க சேறடிக்க வந்தீங்களா? நாத்து எங்க?"

"பறவை பாக்க வந்தோமுங்க."

"பறவையெல்லாம் ஒங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு சார்" என்றவர், லாரிக்குள் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். லாரியைப் பாதையில் வைத்துக்கொண்டே இழுக்கலாம், கயிறுதான் எட்டவேண்டும் என்றார். தார்ப்பாய்க் கயிறு இரண்டு, என் ஜீப்பில் கிடந்த கிணற்றுக் கயிறு ஒன்று, மூன்றையும் முடிந்தோம். முடிச்சு என் முடிச்சு. எருமை தூக்கிய முடிச்சு.

"சார், ஒராளு உள்ள உக்காந்து ஸ்டேரிங்கப் பிடிக்கணும். ஒராளு பின்னால தள்ளணும்."

தள்ளுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை. சரசு ஏறி உட்கார்ந்தாள். ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு லைசன்ஸ் உண்டு. இரண்டு வருடமாக எங்கள் பால் கேன்களை மினி வேனில் சொசைட்டிக்கு அவள்தான் கொண்டுபோகிறாள். ஜீப்பை மட்டும் நான் தொட விட்டதில்லை. அதன் கிளட்ச் சுபாவம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

லாரி இழுத்தது. நான் தள்ளினேன். "அக்கா, ரேஸ் குடுக்காதீங்க, லேசா, லேசா!" என்று டிரைவர் கத்தினார். அவள் லேசாகத்தான் கொடுத்தாள். நான் கொடுத்திருந்தால் வேகமாகக் கொடுத்திருப்பேன், அதை மறுக்கவில்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றியது, என் முகத்துக்கு ஒரு கூடை சேறு வந்தது, ஜீப் பிடுங்கிக்கொண்டு முன்னால் போனது. பிடிமானம் போய் நான் குப்புற விழுந்தேன். எழுந்தபோது மூக்கில் கண்ணாடி இல்லை. கையை விட்டுத் தேடினேன். கை முட்டி வரை போனது, கண்ணாடி அதற்கும் கீழே போயிருந்தது. தண்ணீர் வந்து அந்த இடத்தை மூடியது.

ஜீப் பாதையில் நின்றது. நான் நடந்து வந்து சேர்ந்தேன். டிரைவர் எதுவும் வாங்கமாட்டேன் என்றுவிட்டார். தூக்குப்போசியில் இருந்த கச்சாயம் மொத்தமும் அவர் லாரிக்குப் போனது. அதில் ஒன்றைக் கடித்துக்கொண்டே, "அக்கா நல்லா ஓட்டுறாங்க சார். அப்பறம் நீங்க எதுக்கு ஓட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு லாட்ஜ் வரை சரசுதான் ஓட்டினாள், அதை அவசரத்துக்கு என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை லாட்ஜ் வாசலில் ஜீப்பைத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். கண்ணாடிக் கடை எதுவும் திறக்கவில்லை. நான் வழக்கம் போல டிரைவர் சீட்டில் ஏறினேன்.

"ஏனுங், அதா நிக்குதே, அந்த லாரி பின்னால என்ன எழுதியிருக்குதுன்னு படிங்க" என்றாள் சரசு.

எல்லா லாரியிலும் ஒன்றுதானே எழுதியிருக்கும். "ஆரன் அடி."

"அது பஸ்ஸுங்க. இறங்குங்."

இறங்கவில்லை. அவள் போனை எடுத்தாள். "ஒண்ணு நான் ஓட்டறேன். இல்லீனா பிரபு வந்து ஓட்டட்டும். நீங்களே சொல்லுங்." யோசித்தேன். நிபந்தனையில் போன் செய்யக்கூடாது என்றுதான் இருக்கிறது, யார் ஓட்ட வேண்டும் என்று இல்லை. இறங்கிச் சுற்றிப்போய் இடது பக்கம் ஏறினேன்.

மன்னார்குடி வரை கிளட்ச்சைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தேன். தஞ்சாவூர் வரை கியரைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் அவள் ரேடியோவைப் போட்டுவிட்டாள். கரூர் வந்ததும் நேராகப் போக வேண்டிய வண்டி வலது பக்கம் திரும்பியது.

"எங்க போற?"

"கொடுமுடிக்கு. ஒவ்வொருக்காவும் சுத்து, சுத்துன்னு சொல்லி நீங்க விட்டதே இல்லீங்களே. இன்னிக்கு ஓட்டறது நானுங்க."

காவிரியில் கால் நனைத்துவிட்டு, சாமி கும்பிட்டுவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டு வந்தோம். கண்ணாடி இல்லாமல் கொடுமுடியில் நான் பார்த்ததை எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். கண்ணாடியோடு பார்த்ததையே நம்பாத ஆட்கள்தானே. ஆனால் இடது பக்கச் சீட்டைப் பற்றி ஒன்று சொல்வேன். கையில் ஸ்டீரிங் இல்லாத மனுசனுக்கு இரண்டு பக்கமும் பார்க்க நேரம் இருக்கிறது. இத்தனை பயணக் கட்டுரை எழுதியும் நான் அதிகம் பார்த்தது ரோட்டைத்தான்.

மாலை ஏழு மணிக்கு அன்னூர். வாசலில் பிரபு நின்றிருந்தான். வண்டி நின்றதும் டிரைவர் பக்கம் ஓடினான்.

"அம்மா! நீ எதுக்கும்மா ஓட்டற? அப்பாக்கு என்னாச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. போன் வந்துச்சா?" என்றேன் இந்தப் பக்கமிருந்து.

"வரலீங்ப்பா. கண்ணாடி எங்கீங்க?"

"வெச்சிட்டு வந்துட்டேன். போன் வந்துச்சா, வரலியா?"

அவன் குனிந்து அடியில் பார்த்தான். கழுவியும் போகாத உப்புச் சேறு அச்சில் வெள்ளை பூத்திருந்தது. "பேச்சு பேச்சுதானுங்ப்பா, ஒத்துக்கறேன். ஆனா வண்டி இருந்தா நீங்க ஓட்டுவீங்க. அதுதாங்க எனக்குப் பயம். இங்க பாருங்க, கண்ணாடியத் தொலைச்சுப்போட்டுக் கண்ணு தெரியாம வந்து நிக்கறீங்க."

எனக்கு இதற்குப் பதில் இருந்தது. நிறையவே இருந்தது. வாயைத் திறப்பதற்குள் சரசு சாவியை உருவித் தன் சுருக்குப்பையில் போட்டுக் கயிற்றை இழுத்தாள்.

"அவர எவன் ஓட்டச் சொன்னான்? பொள்ளாச்சிக்காரருக்கு இப்பவே போன் போட்டு, வண்டி கொடுக்கறதில்லைன்னு சொல்லிப்போடு கண்ணு. இது எனக்கு வேணும்."

பிரபு என்னைப் பார்த்தான். நான் ஜெயித்த முகத்தோடு அவனைப் பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். பைனாகுலர் ஒன்று கொண்டுபோங்கள், நான் கொண்டுபோகவில்லை, அதன் விலை என்ன என்று மேலே படித்தீர்கள். காலையில் மான், மாலையில் பறவை. தொப்பியைக் கயிறு கட்டிப் போடுங்கள். மண் எவ்வளவு வெடித்திருந்தாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். இது என் அனுபவத்தில் சொல்வது, பயத்தில் சொல்வது இல்லை.

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு சாவியைக் கேட்டேன். "எங்க போகோணும்னு சொல்லுங், நான் கூட்டிட்டுப் போறேன்" என்கிறாள் சரசு. ஜீப்பை விற்கச் சொன்னவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான்: அது எங்கள் கொட்டகையில் நிற்கிறது, தினமும் ஓடுகிறது. இப்போது நான் கிளம்புகிறேன். வெளியே ஆரன் அடிக்கிறாள்.